ஒரு கேலிச்சித்திரத்தால் நகரத் தேர்தல் மாறுமா? நியூயார்க், 1871

உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் வார இதழ்களில் வெளிவரும் அரசியல் கேலிச்சித்திரங்களால் வாக்குகள் மாறுகின்றனவா, அல்லது ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள் பார்த்து மகிழ்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறதா என்பது கேள்வி. இதற்குப் பொதுப்படையாக விடை சொல்வதைவிட, ஒரு நகரத்தின் ஒரு தேர்தலை எடுத்துக்கொண்டு நுணுகிப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். நகரம் நியூயார்க், தேர்தல் நாள் 1871 நவம்பர் 7, இதழ் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி', ஓவியர் தாமஸ் நாஸ்ட். கேலிச்சித்திரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தத் தேர்தலைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். தனி ஒரு ஓவியர் ஒரு கொள்ளைக் கூட்டத்தையே ஆட்சியிலிருந்து இறக்கினார் என்று பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நம் கேள்விக்கு விடையாகும் பகுதி அதில் விடுபட்டுப்போகிறது.

முதலில் எதிர்த்தரப்பு யார் என்பதைச் சொல்ல வேண்டும். டாமனி ஹால் என்பது ஜனநாயகக் கட்சியின் நியூயார்க் நகர அமைப்பு. 1870ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9,42,000. அவர்களில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்து வந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக்கு வேலை தேடித் தருவது, குடியுரிமைச் சீட்டு வாங்கித் தருவது, மகன் காவல் நிலையத்தில் இருந்தால் ஜாமீனுக்கு ஆள் அனுப்புவது, குளிர்காலத்தில் வீட்டுக்கு நிலக்கரி அனுப்புவது என்று அரசாங்கம் செய்யாத அனைத்தையும் டாமனியின் வட்டாரத் தலைவர்கள் செய்தார்கள். அதற்குக் கைம்மாறாக அவர்கள் கேட்டது வாக்கு. இந்த அமைப்பின் உச்சியில் இருந்தவர் வில்லியம் ட்வீட். நாற்காலி செய்பவரின் மகனாகப் பிறந்து, தன்னார்வத் தீயணைப்புப் படை ஒன்றின் தலைவராகப் பெயர் பெற்று, ஒரு தவணை நாடாளுமன்றத்திலும் இருந்துவிட்டு, இறுதியில் மாநிலச் செனட்டராகவும் நகரின் பொதுப்பணி ஆணையராகவும் ஆனவர். நகரத் தந்தை (மேயர்) ஓக்கி ஹால், நகரக் கணக்குகளின் தலைவர் ரிச்சர்ட் கானலி, டாமனியின் மூளை என்று கருதப்பட்ட பீட்டர் ஸ்வீனி ஆகிய மூவரும் அவருடன் சேர்ந்த நால்வர் கூட்டத்தை மக்கள் 'வளையம்' என்று அழைத்தார்கள்.

வளையம் பணம் எடுத்த முறை எளிமையானது. நகரத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் தம் பட்டியலில் உண்மையான தொகையைப் பல மடங்கு ஏற்றி எழுதிக்கொண்டு வருவார். நகரம் முழுத் தொகையையும் கொடுக்கும். ஏற்றிய பணத்தின் பெரும்பங்கு வளையத்துக்குத் திரும்பி வரும். கடைசிக் காலத்தில் நூற்றுக்கு 65 பங்குவரை வளையத்துக்குப் போனது என்று பின்னர் நடந்த விசாரணைகள் காட்டின. சேம்பர்ஸ் தெருவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மாவட்ட நீதிமன்றக் கட்டடம் இதற்கு முதன்மையான சாட்சி. தொடக்கத்தில் அதற்கு ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். இறுதியில் கணக்கில் ஏறியது ஒரு கோடியே இருபது இலட்சம் டாலருக்கு மேல். சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்த ஆண்ட்ரூ கார்வி என்ற ஒப்பந்தக்காரருக்கு மட்டும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட டாலர் போயிருந்தது. 1870இல் நிறைவேறிய புதிய நகரச் சாசனம் செலவுகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பை ட்வீட், ஹால், கானலி ஆகியோர் கையிலேயே கொடுத்தது. எடுத்தவர்களே எடுத்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடு அது.

இவ்வளவு வெளிப்படையாக நடந்ததைப் பத்திரிகைகள் ஏன் எழுதவில்லை என்றால், நகரத்தின் அரசு விளம்பரங்கள் பெரும்பாலான நாளிதழ்களுக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது முக்கியக் காரணம். பின்னால் ட்வீட்டின் மிகக் கடுமையான எதிரியான 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ்கூட முதலில் பேசவில்லை. அதன் இயக்குநர்களில் ஒருவர் ட்வீட்டின் அச்சக நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தார். 1870இல் அவர் இறந்த பிறகுதான் அந்த நாளிதழ் வாய் திறந்தது. நாஸ்ட்டோ அதற்கு ஓராண்டு முன்பிருந்தே ட்வீட்டை வரைந்துகொண்டிருந்தார். 1840இல் ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து, ஆறு வயதில் நியூயார்க் வந்து, உள்நாட்டுப் போரின்போது வரைந்த படங்களால் நாடு முழுவதும் அறியப்பட்டவர் அவர். அந்தத் தெருக்களிலேயே வளர்ந்ததால் இந்த மனிதர்களின் நடை, உடை, உடல்மொழி எல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது.

இப்போது நம் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1870 நவம்பரிலும் நியூயார்க்கில் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலுக்கு முன்னும் நாஸ்ட் வரைந்தார். அக்டோபரில் வந்த ஒரு படத்தில் டாமனியின் ஆதரவு பெற்ற மாநில ஆளுநர் ஹாஃப்மன் அரியணையில் பொம்மைபோல உட்கார்ந்திருக்க, ட்வீட் பின்னால் வாளுடன் நிற்கிறார். படத்தின் கருத்தில் குழப்பமே இல்லை. வரைந்த கையின் திறமையும் 1871இல் இருந்ததற்குக் குறைந்தது அன்று. ஆயினும் ஹால் மீண்டும் நகரத் தந்தையானார், ஹாஃப்மன் மீண்டும் ஆளுநரானார். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தலைமையில் நகரின் பெருஞ்செல்வர்கள் ஆறு பேர் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஓவியரின் குற்றச்சாட்டு, மறுபக்கம் ஊரறிந்த ஆறு பெரிய மனிதர்களின் சான்றிதழ். படத்தில் சிரிக்கலாம், ஆனால் எதை நம்பி வாக்கை மாற்றுவது என்று வாக்காளர் நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரே ஓவியர், ஒரே இதழ், ஒரே முகங்கள். ஓராண்டு இடைவெளியில் எதிரெதிரான இரண்டு முடிவுகள். கேலிச்சித்திரத்தின் தனி வலிமையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறு எங்கும் கிடைக்கவில்லை. நடுவில் மாறியது என்ன என்று பார்த்தால், கணக்கு வெளியே வந்தது. 1871 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் மாவட்டத் தணிக்கையாளர் ஜேம்ஸ் வாட்சன் இறந்தார். வளையத்தின் உண்மையான வரவு செலவை அறிந்தவர் அவர். அவருடைய மறைவுக்குப் பின் அலுவலகத்தில் பழைய பிடி தளர்ந்தது. முன்னாள் ஷெரிஃப் ஜேம்ஸ் ஓப்ரையன், கணக்கு அலுவலகத்தில் பணியாற்றிய மேத்யூ ஓரூர்க் ஆகியோர் வழியாகக் கணக்குகளின் நகல்கள் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியீட்டாளர் ஜார்ஜ் ஜோன்ஸின் கைக்கு வந்தன. ஜூலை 22 முதல் அந்த நாளிதழ் அவற்றை வரிசையாக அச்சிட்டது. ஜூலை 29 அன்று ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் தனி இணைப்பாகவே கொடுத்தது. மரவேலை மிகக் குறைவாக இருந்த கட்டடத்தில் ஒரு மாதத் தச்சுவேலைக்கு மூன்றரை இலட்சம் டாலருக்கு மேல். சில மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் ஏறத்தாழ 1,80,000 டாலர். இப்படி வரிக்கு வரி தேதியும் பெயரும் தொகையுமாக வந்த பட்டியல்களுக்கு எந்தச் செல்வரின் சான்றிதழும் விடையாக முடியவில்லை.

எனினும் பட்டியலைப் படித்தவர் மனத்தில் தொகைதான் நிற்கும், எடுத்தவர் நிற்பதில்லை. ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள், வங்கிக் காசோலைகள், தணிக்கைக் குழுவின் ஒப்புதல்கள் என்று அச்சிட்ட நெடும் பத்திகளிலிருந்து யார் திருடினார் என்ற கேள்விக்கு விடையைக் கூட்டிப் பெறுவது வாசகரின் உழைப்பைக் கேட்கும் வேலை. அந்த உழைப்பை வாசகருக்காக ஓவியர் செய்தார். ஆகஸ்ட் 19 இதழில் வந்த படத்தை இன்றும் பள்ளிப் பாடநூல்களில் காணலாம். மக்களின் பணத்தைத் திருடியது யார் என்று கேள்வி. ட்வீட், ஸ்வீனி, கானலி, ஹால் முன்வரிசையில் நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் காட்டுகிறார்கள். விடை ஒன்றுதான்: 'இவன்தான்'. வளையம் என்ற பட்டப்பெயரை நாஸ்ட் அப்படியே கண்ணுக்குத் தெரியும் வளையமாக ஆக்கிவிட்டார். இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் உள்ள நேர்மை என்னைத் தொடுகிறது. ஏனெனில் அது கணக்கில் இல்லாத எதையும் சொல்லவில்லை. கணக்கு வெளிவந்த நாள்களில் ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டு அறிக்கை விட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்மையாகவே இவர்கள்தாம். ஓவியர் அந்த அறிக்கைகளை ஒன்றாக நிற்க வைத்தார், அவ்வளவே.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும், ஏனெனில் படங்களின் தன்மைக்கே அது காரணம். அக்காலத்தில் புகைப்படத்தையோ கோட்டோவியத்தையோ நேரடியாக அச்சுப்பக்கத்துக்குக் கொண்டுவரும் வழி வார இதழ்களுக்கு இல்லை. பாக்ஸ் என்ற, மிக நெருக்கமான இழை கொண்ட மரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த சிறு கட்டைகளைத் திருகாணிகளால் பிணைத்துப் பெரிய பரப்பாக்குவார்கள். நாஸ்ட் அதன்மீது பென்சிலால் இடவலம் மாற்றி வரைவார். பிறகு கட்டைகளைப் பிரித்துப் பல செதுக்குநர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் ட்வீட்டின் தொப்பையையும் மற்றொருவர் ஹாலின் மூக்குக்கண்ணாடியையும் செதுக்குவார். மீண்டும் பிணைத்து, உலோகப் படி எடுத்து அச்சிடுவார்கள். இதனால் வரைந்த நாளுக்கும் இதழ் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் கணிசமான காலம் போய்விடும். நேற்று நடந்த கூட்டத்தையும் இன்று காலை வந்த அறிக்கையையும் வைத்து வரைந்தால் வெளிவரும்போது பழசாகிவிடும். ஆகவே வார இதழின் கேலிச்சித்திரக்காரர் அன்றாடச் செய்தியைத் துரத்தாமல், பல வாரங்களுக்கு நிற்கக்கூடிய உருவத்தைத் தேட வேண்டியிருந்தது. பத்து வாரம் தொடர்ந்து அதே தொப்பை, அதே வைரச் சட்டை ஊசி, அதே மூக்குக்கண்ணாடி. பிரசாரம் முடிவதற்குள் அவை எழுத்துகளைப்போலவே படிக்கத் தக்கவை ஆகிவிட்டன.

செப்டம்பர் 23 இதழில் அந்த நால்வரும் கழுகு உருவில் மலைப்பாறையொன்றில் ஒடுங்கி உட்கார்ந்து, மேலே இடிக்கும் புயல் ஓயக் காத்திருக்கிறார்கள். அவர்கள் காலடியில் நியூயார்க் பிணமாகக் கிடக்கிறது. சுற்றிலும் வரி செலுத்துபவர், வாடகை கொடுப்பவர், சட்டம், நீதி என்று பெயர் எழுதிய எலும்புகள். அக்டோபர் 7 இதழில் ட்வீட் வாக்குப்பெட்டியின் மீது கை ஊன்றி நிற்கிறார். வாக்குகளை எண்ணுவது நானாக இருக்கும்வரை நீங்கள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார். இரகசிய வாக்குச்சீட்டு அங்கே வருவதற்கு முந்திய காலம் அது. கட்சிகளே வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்தன. ஒரே ஆள் வாக்குச்சாவடி மாறி மாறிப் போட்ட கள்ள வாக்குகளும், நீதிமன்றங்களில் ஒரே நாளில் மொத்தமாக வழங்கப்பட்ட குடியுரிமைகளும் 1868 தேர்தலிலேயே நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளாகியிருந்தன. எனவே வேட்பாளரைப் பற்றி மட்டும் பேசாமல், எண்ணும் இடத்தைக் கண்காணியுங்கள் என்று வாக்காளரை எச்சரித்த அந்தப் படத்தைப் பிரசாரத்தின் மிகப் பயனுள்ள படமாக நான் கருதுகிறேன். அக்டோபர் 21 இதழில் ட்வீட்டுக்குத் தலையே இல்லை. கழுத்துக்கு மேல் ஒரு பணமூட்டை, அதன் மேல் கண் மூக்கு வாய் எல்லாமாக ஒரே டாலர் குறி. முகத்தை முழுவதும் எடுத்துவிட்டும் ஆள் யாரென்று ஒருவருக்கும் ஐயமில்லை என்றால், அதற்கு முந்திய வாரங்களின் பயிற்சி எவ்வளவு ஆழமாக வாசகர் கண்ணில் பதிந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்திய இறுதி இதழ் நவம்பர் 11 என்று தேதியிட்டது. வார இதழ்கள் சில நாள் முன்தேதியிட்டு விற்பனைக்கு வரும் வழக்கப்படி அது தேர்தலுக்கு முன்பே கடைகளில் கிடைத்தது. இரண்டு பக்கம் விரிந்த படம்: ரோமானிய அரங்கில் டாமனிப் புலி குடியரசைக் குறிக்கும் பெண்ணைக் கீழே தள்ளி அவள்மேல் நிற்கிறது; சட்டம் கிழிந்து கிடக்கிறது; வாக்குப்பெட்டி உடைந்து கிடக்கிறது; பேரரசர் உடையில் ட்வீட்டும் கூட்டத்தாரும் மேலிருந்து பார்க்கிறார்கள். புலியின் கண்கள் அரங்கைவிட்டு விலகி நேரே வாசகரை நோக்குகின்றன. இந்தப் புலி வெறும் கற்பனை இல்லை. ட்வீட் தலைமை தாங்கிய தீயணைப்புப் படையின் வண்டியில் புலித்தலைதான் சின்னமாக வரைந்திருந்தது. ஊர் மக்கள் இருபது ஆண்டுகளாகத் தெருவில் பார்த்த சின்னம் அது. உள்ளூர்த் தேர்தலில் கேலிச்சித்திரம் பெறும் தனி வலிமைக்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நாட்டின் தலைவரை வாக்காளர் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார். உள்ளூர்த் தலைவரையோ தெருவிலும் திருமணத்திலும் மாலை நேரத்து விடுதியிலும் பார்க்கிறார். வரைந்த உருவத்தை உண்மையான உருவத்தோடு ஒப்பிட அவருக்கு வாய்ப்பு உண்டு. ஒப்பிடும்போது இரண்டும் பொருந்தினால் படத்தின் குற்றச்சாட்டும் அந்த மனிதர் மீது ஒட்டிக்கொள்கிறது. அந்த வைர ஊசியை ட்வீட் கழற்றியிருந்தாலும் இனிப் பயனில்லை.

ட்வீட் சொன்னதாகப் பல வடிவங்களில் வழங்கும் ஒரு கூற்று உண்டு: பத்திரிகையில் எழுதுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, என் வாக்காளர்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தப் படங்களை அவர்கள் பார்க்காமலிருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். கேலிச்சித்திரத்தின் பெருமைக்கு இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் இதைச் சான்றாக ஏற்கத் தயங்குகிறேன். அந்நகர வாக்காளர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மொழியில் படிக்கத் தெரிந்தவர்கள். ஐரிஷ் மக்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் தனித்தனிப் பத்திரிகைகள் இருந்தன. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' ஒரு பிரதி 10 சென்ட் விலையுள்ள, குடியரசுக் கட்சிச் சார்புள்ள, நடுத்தர வகுப்புக் குடும்பங்களின் இதழ். ட்வீட்டின் வட்டாரத்தில் கூலி வேலை செய்தவர் அதை வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு. கடைச் சன்னலில் தொங்கியதைப் பார்த்திருப்பார். படம் உறுதியாகச் சென்று சேர்ந்த இடம் வேறு: முந்திய தேர்தலில் ஆஸ்டரின் சான்றிதழை நம்பி அமைதியாக இருந்த, அல்லது வாக்களிக்கவே போகாத, வரி கட்டும் குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்கள் கலங்கியதற்குப் படங்களும் கணக்குகளும் தவிர வேறு காரணங்களும் இருந்தன என்பதை விட்டுவிடக் கூடாது. ஜூலை 12 அன்று ஐரிஷ் புராட்டஸ்டன்ட் அமைப்பினர் நடத்திய ஊர்வலத்தில் வெடித்த கலவரத்திலும் படையினரின் துப்பாக்கிச் சூட்டிலும் அறுபது பேருக்கு மேல் இறந்தனர். நகரில் அமைதியைக் காப்போம் என்ற டாமனியின் வாக்குறுதி அன்று பொய்த்தது. நகரத்தின் கடன் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்ததால், கடன்பத்திரம் வாங்கியிருந்த வங்கியாளர்களுக்குத் தங்கள் பணம் திரும்பி வருமா என்ற அச்சம் வந்தது. செப்டம்பர் 4 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடி எழுபதின்மர் குழுவை அமைத்தது; சில நாள்களில் நகரம் மேலும் பணம் செலவிடுவதற்கு நீதிமன்றத் தடை வந்தது. ஜனநாயகக் கட்சியின் மாநிலத் தலைவர் சாமுவேல் டில்டன், ஒரு வங்கியின் பேரேடுகளை ஆராய்ந்து, ஒப்பந்தக்காரருக்குப் போன பணம் ட்வீட்டின் கணக்கில் விழுந்த வழியைத் தேதி வாரியாக நிறுவினார். அக்டோபர் இறுதியில் ட்வீட் கைதாகிப் பத்து இலட்சம் டாலர் ஜாமீனில் வெளியே வந்தார். படங்கள் இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் நடந்தன. அவை செய்த வேலை, தனித்தனியாக நடந்த இத்தனை செய்திகளும் ஒரே நான்கு முகங்களைப் பற்றியவை என்று வாரந்தோறும் நினைவூட்டியது. அது சிறிய வேலை என்று நான் சொல்லமாட்டேன். தேர்தல் நாளன்று மனிதர் கணக்குக்கு எதிராக வாக்களிக்க முடியாது, ஆள்களுக்கு எதிராகத்தான் வாக்களிக்க முடியும்.

முடிவில், நகரவையிலும் மாநிலச் சட்டமன்றத்தில் நகரத்துக்குரிய இடங்களிலும் டாமனி பெருந்தோல்வி அடைந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' ஜெர்மன் மொழியில் இணைப்பு வெளியிட்டது வீண்போகவில்லை. டாமனியை எதிர்த்த சீர்திருத்த அணியின் சார்பில் ஜெர்மானியர்களின் மதிப்பைப் பெற்ற தளபதி ஃப்ரான்ஸ் சீகல் நகரப் பதிவாளராக வென்றார். ஆனால் தம் செனட் தொகுதியில் ட்வீட் வென்றார், அதுவும் பெரும் வித்தியாசத்தில். அவரை எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் இல்லை: பிரிட்டிஷ் சிறையில் வதைபட்டு அண்மையில்தான் அமெரிக்கா வந்திருந்த ஐரிஷ் விடுதலைப் போராளி ஓடோனவன் ரோசா. ஐரிஷ் மக்கள் நிறைந்த தொகுதியில், அயர்லாந்தின் வீரரைவிட, நாடே திருடர் என்று படம் போட்ட, ஐரிஷ்காரரே அல்லாத ட்வீட்டுக்கு அதிக வாக்கு விழுந்தது. முந்திய குளிர்காலத்தில் ஏழைகளுக்காக ட்வீட் 50,000 டாலர் கொடுத்திருந்தார் என்பதையும், நிலக்கரியும் வேலையும் அந்த வீடுகளுக்கு அவர் ஆள்கள் வழியாகவே வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அந்த மக்கள் படத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைப்பது அவர்களை அவமதிப்பது. திருடிய பணத்தில் ஒரு பங்கு தங்கள் அடுப்புக்கு வருகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாஸ்ட்டின் பக்கத்தில் நின்ற சீர்திருத்தக்காரர்கள் அதற்கு ஈடாக எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

அந்த ஐரிஷ் மக்கள் நாஸ்ட்டை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது. அந்தத் தேர்தல் காலத்திலேயே, செப்டம்பர் 2 இதழில், மதுப்புட்டியும் குரங்குத் தாடையுமாக ஒரு ஐரிஷ்காரர் வெடிமருந்துப் பீப்பாயின்மேல் அமர்ந்து அதற்குத் தீ வைப்பதாக அவர் வரைந்தார். செப்டம்பர் 30 இதழில் கத்தோலிக்க ஆயர்கள் முதலைகளாகக் கரையேறி வருகிறார்கள், அவர்களின் ஆயர் முடியே முதலையின் திறந்த வாய். கரையில் பள்ளிக் குழந்தைகள் நடுங்குகிறார்கள். அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் 'அமெரிக்கக் கங்கை நதி'. இந்தியத் தாய்மார் தம் குழந்தைகளைக் கங்கையின் முதலைகளுக்கு எறிகிறார்கள் என்று மிஷனரி நூல்கள் பரப்பிய கதையை அமெரிக்க ஞாயிறுப் பள்ளிகளில் குழந்தைகள் படித்து வளர்ந்திருந்தார்கள். அந்தக் கதையின் மேல் இந்த அவதூறைக் கட்டினார் நாஸ்ட். ஒரே படத்தில் கத்தோலிக்கரும் நம் நாட்டுத் தாய்மாரும் இழிவுபட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் சீனத் தொழிலாளரை வெள்ளையர் கும்பலிடமிருந்து காப்பாற்றும்படி நெஞ்சைத் தொடும் ஒரு படம் வரைந்தவரும் இவரே என்பது என்னை இன்றும் வருத்துகிறது. நால்வர் வளையத்தைக் கேலி செய்தபோது ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது. ஐரிஷ் மக்களை வரைந்தபோது வெறுப்பு மட்டுமே இருந்தது. ஒரு இனத்தின் தாடையைக் குரங்காக்குவதற்கு எந்தப் பேரேட்டிலும் சான்று கிடையாது. தேர்தல் காலக் கேலிச்சித்திரத்தை மதிப்பிட விரும்புபவருக்கு நான் தரக்கூடிய ஒரே அளவுகோல் இந்த வேறுபாடுதான்: செய்த செயலுக்காக ஒருவர் உருவம் மாற்றப்பட்டிருக்கிறதா, பிறந்த பிறப்புக்காகவா.

இதழின் துணிவையும் சொல்ல வேண்டும். டாமனியின் பிடியிலிருந்த கல்விக் குழு, இதழை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனத்தின் பாடநூல்களைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. நிறுவனத்துக்கு அது பெருநட்டம். ஆயினும் அதன் உரிமையாளர்களில் ஒருவரான பிளெட்சர் ஹார்ப்பர் ஓவியருக்குத் துணைநின்றார். ஓவியக்கலை பயில ஐரோப்பா போகலாம் என்று சொல்லி நாஸ்ட்டிடம் வளையத்தின் ஆள்கள் ஒரு இலட்சத்தில் தொடங்கி ஐந்து இலட்சம் டாலர்வரை பேரம் பேசினார்கள் என்றும் அவர் மறுத்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ட்வீட் 1873இல் தண்டனை பெற்று, 1875 டிசம்பரில் காவலிலிருந்து தப்பி, 1876இல் ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில் பிடிபட்டபோது அவரை அடையாளம் காட்டியது நாஸ்ட்டின் படமே என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. அது கோட்டோவியத்தின் உருவ ஒற்றுமைக்குச் சான்று. தேர்தலைப் பற்றிய நம் கேள்விக்கு அதில் விடை இல்லை.

விடைக்கு உதவுவது தேர்தலுக்குப் பின் வந்த ஆண்டுகள். வளையத்தின் நான்கு முகங்களும் பொதுவாழ்விலிருந்து மறைந்தன. கானலியும் ஸ்வீனியும் நாட்டைவிட்டே போனார்கள். ட்வீட் 1878 ஏப்ரலில் லட்லோ தெருச் சிறையில் இறந்தார். டாமனி ஹாலோ ஜான் கெல்லி என்ற ஐரிஷ் கத்தோலிக்கரின் தலைமையில் தன்னைச் சீரமைத்துக்கொண்டு, 1874 நவம்பரிலேயே தன் வேட்பாளர் வில்லியம் விக்கமை நகரத் தந்தையாக்கியது. 1880இல் நியூயார்க்கின் முதல் ஐரிஷ் கத்தோலிக்க நகரத் தந்தையாக வில்லியம் கிரேஸ் வென்றார். நாஸ்ட் வரைந்த புலி டாமனியை விட்டுப் போகவில்லை. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்த அமைப்பை வரைந்த ஒவ்வொரு ஓவியரும் அதே புலியை வரைந்தார், குளிர்காலத்தில் அதே தெருக்களுக்கு நிலக்கரியும் போய்க்கொண்டிருந்தது.